ஆளில்லாத தீவும் 59 வோல்ட்டும்

ஊட்டியிலிருந்து முத்தொரைப் பக்கம் போனால் ஒரு மலைச்சரிவு முழுக்க நீளமாக ஓர் இரும்புக் கூடு படுத்துக் கிடக்கும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வரிசையாக 24 வளைந்த சட்டங்கள், அவற்றின் மேல் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970-ல் கட்டி முடித்த ரேடியோ தொலைநோக்கி அது. சின்ன வயதில் கேரட் மூட்டைகளோடு வண்டியில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். இவ்வளவு பெரிய சாமானை நல்ல சமதளமாகப் பார்த்து வைக்காமல், ஏன் இந்தச் சரிவில் கொண்டுவந்து வைத்தார்கள்?

பதில் தெரிய எனக்குப் பல வருஷம் ஆனது. ஊட்டி, பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. அந்த மலை வடக்குத் தெற்காகச் சரியும் கோணமும் கிட்டத்தட்ட அதே 11 பாகை. சரிவில் அப்படியே படுக்க வைத்தால் தொலைநோக்கியின் நீள அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிடும். அப்புறம் ஒரே ஒரு அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் போதும், வானத்தில் ஒரு புள்ளியை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் விடாமல் பின்தொடரலாம். அங்கே மலையே கருவியின் ஒரு பாகம். இடத்தைப் புரிந்துகொண்டால்தான் இயந்திரம் புரியும்.

1993-ல் வந்த 'மிஸ்ட்' என்ற கம்ப்யூட்டர் கேமை எனக்குப் புரியவைத்தது இந்தச் சரிவுதான். அந்த கேமைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்களும் உண்டு, 'இதெல்லாம் ஒரு கேமா' என்று தள்ளியவர்களும் உண்டு. முப்பது வருஷத்துக்குப் பிறகும் அந்தச் சண்டை தீரவில்லை. இரண்டு பக்கமுமே அதன் படங்களைப் பற்றித்தான் பேசினார்கள் என்பது என் எண்ணம். அதன் விஷயம், இடமும் இயந்திரமும் ஒன்றாகிற அந்தப் புள்ளியில் இருக்கிறது.

நான் அதை முதலில் பார்த்தது 1999-ல். ஊட்டி சேரிங் கிராஸ் பக்கம் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங்கும் அடிப்படைப் பாடங்களும் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் சென்டர் நடத்திய அண்ணன் எங்களைக் கொஞ்ச நேரம் விளையாட விடுவார். மற்றவர்கள் எல்லோரும் சுடுகிற கேமுக்கு அடித்துக்கொள்ள, ஓரத்தில் இருந்த பழைய சிஸ்டம்தான் எனக்கு மிஞ்சியது. அதில் இந்த சிடியைப் போட்டுக் கொடுத்தார்.

"இதுல சுடறதுக்கு ஒண்ணும் இல்லடா. பாத்துக்கிட்டே இரு, அதுவா சொல்லும்" என்றார்.

கதை இப்படித் தொடங்கும். உங்கள் கையில் ஒரு புத்தகம் கிடைக்கிறது. திறந்தால் ஒரு கட்டத்துக்குள் ஒரு தீவு அசைந்துகொண்டிருக்கிறது. அதைத் தொட்டால் அந்தத் தீவின் படகுத்துறையில் நிற்கிறீர்கள். பக்கத்தில் ஒரு கப்பல் மூழ்கிக் கிடக்கிறது, பாய்மரம் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிகிறது. மேட்டில் ஆளுயரத்தையும் தாண்டிய பற்சக்கரங்கள். படியேறிப் போனால் ஒரு நூலகம், ஒரு கோளரங்கம், ஒரு ராக்கெட், தண்ணீருக்கு நடுவே ஒரு மணிக்கூண்டு. ஆள் மட்டும் ஒருவரும் இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. மதிப்பெண் கிடையாது, கடிகாரம் ஓடாது, நீங்கள் சாகவும் மாட்டீர்கள்.

புல்லில் ஒரு கடிதம் கிடக்கும். ஏட்ரஸ் என்பவர் மனைவி கேத்தரினுக்கு எழுதியது. தீவில் ஆங்காங்கே நட்டிருக்கும் சுவிட்சுகள் மொத்தம் எத்தனை என்று எண்ணி, துறையருகே உள்ள அறையில் அந்த எண்ணைக் கொடுத்தால் ஒரு செய்தி கிடைக்கும் என்று அதில் இருக்கும். விடை 8. ஆனால் அந்த எட்டை எண்ணுவதற்குள் தீவு முழுவதையும் நீங்கள் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருப்பீர்கள். எது எங்கே இருக்கிறது, எது பூட்டியிருக்கிறது, எங்கே காற்று அடிக்கிறது என்று காலுக்குப் பழகியிருக்கும். கற்றுக்கொடுக்கிறேன் என்று சொல்லாமல் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம் அது. ஒரு கேமின் தொடக்கத்தை இதைவிடச் சுருக்கமாக அமைத்தவர்களை நான் பார்த்ததில்லை.

நூலகத்தில் பெரும்பாலான புத்தகங்கள் எரிந்து கிடக்கும். மிஞ்சியதில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று. சிவப்பில் ஏட்ரஸின் மகன் சிரஸ், நீலத்தில் இன்னொரு மகன் அக்கெனார், இருவரும் சிறைப்பட்டிருக்கிறார்கள். என்னைக் காப்பாற்று, கிழிந்துபோன பக்கங்களைக் கொண்டுவா, மற்றவனை நம்பாதே என்று இருவரும் சொல்கிறார்கள். அந்தப் பக்கங்களைத் தேடி நான்கு உலகங்களுக்குப் போகிறீர்கள். அங்கேயும் ஆளில்லை, ஆனால் அண்ணன் தம்பி வாழ்ந்த அறைகள் இருக்கின்றன. ஒருவன் அறையில் பட்டும் பொன்னும், இன்னொருவன் அறையில் வதைக்கும் கருவிகள். யார் எப்படிப்பட்டவன் என்று அறையைப் பார்த்தே நீங்கள் முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

இதை உருவாக்கியவர்களும் அண்ணன் தம்பிதான். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்போகேன் நகரத்துப் பக்கம் 'சயன்' என்ற சிறு நிறுவனம் நடத்திய ராண்ட் மில்லர், ராபின் மில்லர். அதற்கு முன்னால் அவர்கள் செய்தது குழந்தைகளுக்கான கேம்கள். மிஸ்டில் ஏட்ரஸ், அக்கெனார் இரண்டு வேடத்திலும் நடித்தது ராண்ட், சிரஸாக நடித்தது ராபின். இசையும் ராபினுடையது. வெளியிட்டது புரோடர்பண்ட் நிறுவனம். அந்தப் பெயர் தெரியாதவர்களுக்கும் அவர்கள் வெளியிட்ட 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா' தெரிந்திருக்கும். பழைய சிஸ்டம் வைத்திருந்த வீடுகளில் கத்திச்சண்டை போடும் அந்த வெள்ளை உடை இளவரசனைப் பார்க்காதவர்கள் குறைவு.

மிஸ்டின் தோற்றத்தைப் புரிந்துகொள்ள அது எதில் செய்யப்பட்டது என்று தெரிய வேண்டும். ஆப்பிள் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரில் 'ஹைப்பர்கார்டு' என்றொரு மென்பொருள் இருந்தது. கேம் செய்வதற்கென்று வந்ததே அல்ல. ஒரு அட்டையில் படமோ எழுத்தோ வைக்கலாம், அதில் ஓர் இடத்தைச் சொடுக்கினால் அடுத்த அட்டைக்குப் போகும், அவ்வளவுதான். மிஸ்ட் முழுவதும் அப்படி அடுக்கிய அட்டைகள். முப்பரிமாண மென்பொருளில் தீவைக் கட்டி, நிற்கக்கூடிய ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஒரு படம் எடுத்து, மொத்தம் ஏறக்குறைய 2,500 படங்கள். ஒவ்வொன்றும் 544-க்கு 333 புள்ளி, 256 நிறம். படியில் கால் வைக்கச் சொடுக்கினால் அடுத்த படம். திரும்பினால் இன்னொரு படம்.

இப்படிச் செய்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை. அப்போதைய முதல் தலைமுறை சிடி டிரைவ் ஒரு நொடிக்கு 150 கிலோபைட்தான் படிக்கும். வட்டில் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அதன் கண் நகர்வதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். அதனால் படங்களைச் சுருக்கி, ஒரே உலகத்தின் படங்கள் வட்டிலும் அருகருகே இருக்குமாறு அடுக்கினார்கள். எங்கள் சென்டர் சிஸ்டத்தில் ஒரு சொடுக்குக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் டிரைவ் 'கிர்ர்' என்று ஓடும் சத்தம் கேட்கும். அந்த இடைவெளியில் நான் என்ன செய்வேன்? போன படத்தை இன்னொரு முறை பார்ப்பேன். அவசரப்பட முடியாததால் கவனிக்கப் பழகினேன்.

இனி வரவேற்பு. மெக்கின்டாஷுக்கு 1993 செப்டம்பரில் வந்தது, விண்டோஸுக்கு அடுத்த வருஷம். மொத்தம் 60 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. 2002-ல் 'தி சிம்ஸ்' முந்தும்வரை உலகிலேயே அதிகம் விற்ற பிசி கேம் இதுதான். சிடி டிரைவ் வாங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பல குடும்பங்கள் இதற்காகவே வாங்கின. நியூயார்க் டைம்ஸ், வயர்ட் போன்ற இதழ்கள் கேம்களும் ஒருநாள் கலையாகலாம் என்பதற்கு மிஸ்டைச் சாட்சியாகக் காட்டின. 2012-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்புக்காக முதன்முதலாக 14 வீடியோ கேம்களைத் தேர்ந்தெடுத்தபோது அதில் மிஸ்ட் இருந்தது. 2024-ல் உலக வீடியோ கேம் புகழரங்கத்திலும் சேர்த்தார்கள்.

எதிர்ப்பும் அதே அளவுக்குச் சூடாக இருந்தது. மிஸ்ட் வந்து மூன்று மாதம்கூட ஆகாத 1993 டிசம்பர் 10-ம் தேதி 'டூம்' வந்தது. அதில் நீங்கள் ஓடலாம், திரும்பலாம், சுடலாம். ஒவ்வொரு அசைவையும் கம்ப்யூட்டர் அந்தந்த நொடியிலேயே கணக்கிட்டு வரைந்துகொடுக்கும். இரண்டுமே நம் கண்ணின் பார்வையில் நடக்கும் கேம்கள்தான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மிஸ்ட் உறைந்துபோய் நிற்கிற மாதிரித் தெரியும். 'ஸ்லைடு ஷோ' என்ற பட்டப்பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஆளே இல்லை, பேச்சே இல்லை, சம்பந்தமில்லாத பூட்டுகளுக்குச் சம்பந்தமில்லாத சாவிகள், இதை வாங்கியவர்கள் எல்லாம் கேம் விளையாடத் தெரியாதவர்கள் என்றெல்லாம் சொன்னார்கள். நையாண்டியும் வந்தது. 1996-ல் வந்த 'பிஸ்ட்' என்ற ஒன்றில், மிஸ்ட் விளையாடிய லட்சக்கணக்கானவர்கள் வந்துபோனதால் தீவே குப்பைமேடாகி, சுவரெல்லாம் கிறுக்கலாகிக் கிடக்கும். மே மாதக் கூட்டம் இறங்கிப்போன பிறகு ஊட்டியைப் பார்க்கிறவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை, மனசு கனக்கும். அந்தத் தீவை ஓர் உண்மையான ஊராக அவர்களும் நினைத்துவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் பட்டது.

சரி, படத்தை விட்டுவிட்டு ஒரு புதிரை அருகில் போய்ப் பார்ப்போம். தீவில் அந்த ராக்கெட்டுக்கு மின்சாரம் வேண்டும். பூமிக்கடியில் ஒரு ஜெனரேட்டர் அறை, அதில் பத்துப் பொத்தான்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவு வோல்ட்டேஜ் தரும். சரியாக 59 வோல்ட் போக வேண்டும். 59 என்ற எண் வேறொரு கோபுரத்தில் கிடைக்கும். எந்தெந்தப் பொத்தான் சேர்ந்தால் 59 என்று கூட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வோல்ட் கூடிப்போய் ராக்கெட் பக்கம் தாண்டினால் பிரேக்கர் விழுந்துவிடும். வெளியே வந்து, மின்கம்பக் கோபுரத்தில் ஏறி, கைப்பிடியைத் தூக்கிவிட்டு, திரும்பக் கீழே வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அப்போது டிவிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டெபிலைசர் இருந்தது. மழைக்காலத்தில் அதன் முள் 170-க்கும் 250-க்கும் நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் என்பது சுவரிலிருந்து தானாக வருகிற ஒன்று இல்லை, எங்கிருந்தோ கம்பி வழியாக வருகிறது, கூடினாலும் குறைந்தாலும் ஏதாவது விழும், யாராவது போய்த் தூக்கிவிட வேண்டும் என்பது மலையில் வளர்ந்த எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் அந்த ஜெனரேட்டர் அறை எனக்குப் புதிராகவே தெரியவில்லை. ஒரு ஊரின் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று அந்தத் தீவு காட்டியதாகத்தான் எடுத்துக்கொண்டேன். கம்பி எங்கே போகிறது என்று கண்ணால் பின்தொடர்ந்தேன், கோபுரம் தெரிந்தது, ஏணி தெரிந்தது, ஏறினேன்.

மிஸ்டின் நல்ல புதிர்கள் எல்லாம் இந்த மாதிரிதான். நூலகத்துக்கு எதிரே ஒரு தொட்டியில் பொம்மைக் கப்பல் ஒன்று மூழ்கிக் கிடக்கும். சுற்றிலும் தூண்கள், தூணுக்கொரு உருவம். கோளரங்கத்தில் சில தேதிகளைக் கொடுத்தால் அந்தந்த நாளின் நட்சத்திரக் கூட்டம் மேலே தெரியும். அது பாம்பா, இலையா, பூச்சியா என்று ஒரு குறிப்பேட்டில் வரைந்துவைத்திருப்பார்கள். அந்தத் தூண்களைச் சரியாக அமுக்கினால் தொட்டியில் பொம்மைக் கப்பல் மேலே வரும். திரும்பிப் படகுத்துறையைப் பார்த்தால் நிஜக் கப்பலும் மேலே வந்திருக்கும், தண்ணீர் சொட்டச் சொட்ட. அந்தக் காட்சியில் நான் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். முதல் நாள் துறையில் இறங்கியபோது பார்த்துவிட்டுத் தாண்டிப்போன பாய்மரம் அது.

எல்லாப் புதிரும் அப்படி இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 'செலனிடிக்' என்ற உலகம் முழுக்கச் சத்தத்தால் ஆனது. தண்ணீர், நெருப்பு, காற்று, கடிகாரம், ஊதும் பளிங்குக் கற்கள் என்று ஐந்து இடங்களில் ஒலிவாங்கி வைத்திருப்பார்கள். பிறகு ஓர் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி ஒவ்வொரு சத்தத்தையும் பிடிக்க வேண்டும். கடைசியில் பூமிக்கடியில் ஒரு தண்டவாள வண்டி. ஜன்னலில் எல்லாச் சுரங்கமும் ஒரே மாதிரி. நிற்கிற ஒவ்வோர் இடத்திலும் ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம்தான் எந்தத் திசையில் போக வேண்டும் என்று சொல்லும். வடக்குக்கு ஒரு சத்தம், மேற்குக்கு ஒன்று. வடமேற்கு என்றால் இரண்டும் சேர்ந்து கேட்கும்.

மேகம் இறங்கிவிட்டால் எங்கள் ஊரில் கண்ணுக்கு வேலையில்லை. ஓடை எந்தப் பக்கம், எதிரே வரும் லாரி எந்த வளைவில் என்று காதுதான் சொல்லும். அப்படியிருந்தும் அந்தச் சுரங்கத்தில் நான் மூன்று சனிக்கிழமை தவித்தேன். காரணம், எந்தச் சத்தம் எந்தத் திசை என்பதை இன்னோர் உலகத்தில்தான், சுழலும் ஒரு கோட்டையில்தான் கற்றுக்கொள்ள முடியும். அங்கே நான் அதற்கு முன்பு போயிருக்கவில்லை. எந்த உலகத்துக்கு முதலில் போவது என்பதை நம் விருப்பத்துக்கு விட்டுவிட்டு, ஓர் உலகத்தின் பாடத்தை இன்னோர் உலகத்தில் ஒளித்துவைத்தால், வழி தெரியாதவன் குருட்டாம்போக்கில் முட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். இந்த இடத்தில் மிஸ்டைத் திட்டியவர்கள் பக்கம்தான் நியாயம். இங்கே இடமும் இயந்திரமும் பிரிந்துபோகின்றன.

சத்தம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஒலிகளைச் செய்த கிறிஸ் பிராண்ட்காம்ப் எரியும் நெருப்பின் சத்தத்துக்குப் பயன்படுத்தியது, சரளைக்கல் பாதையில் ஒரு கார் மெல்ல ஊர்ந்துபோகும் சத்தத்தை. மணிக்கூண்டின் மணிக்கு ஒரு ஸ்பேனர். மிஸ்ட் இன்றும் பழசாகத் தெரியாததற்குப் பாதிக் காரணம் இந்தக் காதுதான். படங்களுக்கு வயசாகிவிட்டது, அந்தக் காற்றுக்கு வயசாகவில்லை.

மில்லர் சகோதரர்கள் தங்கள் குறையைத் தாங்களே கண்டுபிடித்துத் திருத்தினார்கள் என்பதற்கு 1997 அக்டோபர் 31-ல் மிஸ்டின் அடுத்த பாகமாக வந்த 'ரிவன்' சாட்சி. டிஸ்னியின் 'அலாதீன்' படத்துக்குக் காட்சி வடிவமைத்த ரிச்சர்ட் வாண்டர் வெண்டே இதில் ராபினோடு சேர்ந்து வடிவமைத்தார். மொத்தம் ஐந்து சிடிக்கள். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போனால் சிடியை மாற்ற வேண்டும். மிஸ்ட் அளவுக்கு இது பேசப்படவில்லை, மிகக் கடினம் என்று பலர் பாதியில் விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் ரிவன்தான் பெரிய படைப்பு. அதற்கு ஒரு காட்சி போதும்.

ரிவன் தீவில் ஒரு பள்ளிக்கூடம். சின்ன அறை, ஆளில்லை. அங்கே ஒரு மர பொம்மை. இரண்டு சிறு மனித உருவங்கள் உயரத்தில் தொங்கும், கீழே வாயைப் பிளந்தபடி ஒரு கடல் மிருகம். குமிழைத் திருகினால் ஒரு புரியாத குறி தெரியும். அந்தக் குறியின் மதிப்பு எவ்வளவோ அத்தனை படி ஓர் உருவம் கீழே இறங்கும். மீண்டும் திருகினால் இன்னொரு குறி, இன்னும் சில படி. பலமுறை திருகி, இறங்கும் படிகளை எண்ணி, குறிகளை நோட்டில் எழுதினால் அந்த மக்களின் எண்கள் உங்களுக்கு வந்துவிடும். 25-ஐ அடிப்படையாகக் கொண்ட முறை அது. ஒன்றின் குறியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டால் ஐந்து. ஐந்தின் மேல் ஒன்றைச் சேர்த்துப் போட்டால் ஆறு. பத்துக்கும் நூறுக்கும் தனி எழுத்து வைத்திருந்த நம் பழைய தமிழ் எண்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் ருசி உடனே பிடிபடும்.

உருவம் கடைசிப் படிக்கு வரும்போது மிருகம் அதை விழுங்கிவிடும். குழந்தைகளுக்கான பொம்மை என்று நினைத்துச் சிரித்துவிட்டுக் கொஞ்ச தூரம் நடந்தால், தண்ணீருக்கு மேலே அதே வடிவத்தில் ஒரு நிஜத் தூக்குமரம் நிற்கும். அப்போதுதான் புரியும், இந்த ஊரை ஆளும் கேன் என்ற கொடுங்கோலன் குழந்தைகளுக்கு எண் சொல்லிக்கொடுத்தது எந்தப் பயத்தைக் காட்டி என்று. ஒரே பொம்மையில் கணக்குப் பாடம், ஊரின் சரித்திரம், பிற்பாடு ஒரு கதவைத் திறக்கப்போகும் சாவி, மூன்றும் இருக்கின்றன. ஒரு வார்த்தை வசனம் இல்லை. ஸ்லைடு ஷோ என்று சொன்னவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை யாராலும் எழுதியிருக்க முடியாது.

இதெல்லாம் அறிவியல் புனைகதையா, மாயக்கதையா என்று ஒரு வாதமும் உண்டு. மிஸ்ட் என்ற பெயரே ஜூல்ஸ் வெர்ன் எழுதிய 'மர்மத் தீவு' நாவலின் ஆங்கிலத் தலைப்பிலிருந்து வெட்டியெடுத்தது. புத்தகம் எழுதினால் உலகம் திறக்கும் என்பது மாயம்தானே என்று கேட்கலாம். ஆனால் ரிவனின் மோதலே அங்கேதான் இருக்கிறது. நான் எழுதுவதால்தான் உலகம் பிறக்கிறது, ஆகவே நான் அதற்குக் கடவுள் என்கிறான் கேன். ஏற்கெனவே எங்கோ இருக்கும் ஓர் உலகத்துக்குப் பாதை போடத்தான் நம் எழுத்தால் முடியும் என்கிறார் அவன் மகன் ஏட்ரஸ். படைத்தோமா, கண்டுபிடித்தோமா என்று ஒரு விஞ்ஞானி கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை வைத்துத் தகப்பனும் மகனும் சண்டை போடும் கதையை நான் அறிவியல் புனைகதை வரிசையில்தான் வைப்பேன்.

மிஸ்டுக்குப் பிறகு அதேபோல ஏராளமான கேம்கள் வந்தன. அழகான படம், ஆளில்லாத கட்டடம், கதவில் ஒரு சதுரங்கப் புதிர். பார்த்ததைப் பார்த்தபடி எடுத்துக்கொண்டார்கள், கம்பி எங்கே போகிறது என்பதை எடுத்துக்கொள்ளவில்லை. அந்த நகல்கள் சலித்துப்போனபோது பழி மிஸ்ட் மேல் விழுந்தது. சாகச கேம்களையே அதுதான் கொன்றது என்றார்கள். 1998-ல் வந்த 'ஹாஃப்-லைஃப்', சுடுகிற கேமுக்குள்ளேயே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தை நம்பும்படி கட்டிக்காட்டியது. அதற்கப்புறம் வேகம்தான் ராஜா என்று ஆனது.

ஆனாலும் விதை சாகவில்லை. 2016-ல் வந்த 'தி விட்னஸ்' கேமில் மறுபடியும் ஒரு தீவு, மறுபடியும் ஆளில்லை, மறுபடியும் பார்க்கக் கற்றுக்கொண்டால்தான் வழி. 2019-ல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' ஒரு முழுச் சூரியக் குடும்பத்தையே இந்த முறையில் கட்டியது. 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் அழிந்து முதலிலிருந்து தொடங்கும், உங்களோடு மிஞ்சுவது நீங்கள் தெரிந்துகொண்டது மட்டும்தான். மிஸ்டிலும் அப்படித்தான். முடிவுக்குத் தேவையானவை தொடக்கத்திலிருந்தே அந்தத் தீவில் இருக்கின்றன. விடை தெரிந்தவர் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். தெரியாதவருக்குச் சில மாதம். எனக்கு ஏழு மாதம் ஆனது, மழையில் கரண்ட் போன சனிக்கிழமைகளையும் சேர்த்து.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு. முதல் பக்கத்தில் தீவின் படம், நடுவில் நட்சத்திரங்கள், ஓரத்தில் கொட்டை எழுத்தில் 59. சயன் நிறுவனம் மிஸ்டை முழுமையான முப்பரிமாணத்தில் மறுபடி செய்து வெளியிட்டதும், பத்தாவது படிக்கும் என் அண்ணன் மகள் அதைத் தன் லேப்டாப்பில் போட்டாள். இப்போது அங்கே நடக்கலாம், குனிந்து பார்க்கலாம், அட்டை மாறுகிற மாதிரி மாறாது. நான் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

புதிய பதிப்பில் ஒரு வசதி உண்டு. விருப்பப்பட்டால் புதிர்களின் விடைகள் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும்படி வைத்துக்கொள்ளலாம். அவள் அதைத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். என் விடைகளைப் போட்டுப் பார்த்தாள், எதுவும் திறக்கவில்லை.

"சித்தப்பா, இது எதுவுமே இப்ப செல்லாது. நான் போய்ப் பாத்துட்டு வரேன்" என்றாள்.

அன்றைக்கு மதியத்திலிருந்தே மேகம் இறங்கி, எங்கள் ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் கூரைகூடத் தெரியவில்லை. அவள் புது நோட்டு ஒன்றை எடுத்து, தீவின் படகுத்துறையிலிருந்து வரையத் தொடங்கினாள். கொஞ்ச நேரம் கழித்து என் பழைய வரைபடத்தைத் தன் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க வடக்கு எந்தப் பக்கம்னு போடவே இல்லையே."